போர்டு இல்லாத முனை

போன மாதம் ஷபீனா போன் செய்தாள். ஆம்பூரில் ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் ஒரு கம்பெனியில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. அவளை ஜெர்மனிக்கு அனுப்புகிறார்களாம். அங்கே வாடகைக்குக் கார் எடுத்து அவளே ஓட்ட வேண்டுமாம்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"பயம் இன்னா மேடம். போன் கேமராவைப் போர்டு மேல காட்டினா தமிழ்லயே படிச்சு சொல்லிடுது. எல்லாம் ஈஸி ஆய்டுச்சி."

எல்லாம் ஈஸி என்று யார் சொன்னாலும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். என் தொழில் அப்படி. கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்காகத்தான். அவளிடம் தினகரனுக்கு நடந்ததைச் சொன்னேன். பாதிவரை ம் கொட்டிக்கொண்டிருந்தவள் அப்புறம் சத்தமே இல்லாமல் கேட்டாள். முடிந்ததும், "இதை எழுதி வைங்க மேடம், இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் மேபல். வேலூர்க்காரி. என் கணவர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தார். அவருடைய ஷிப்ட் மாறிமாறி வந்ததால், வீட்டில் சும்மா நிற்கும் காரை நானும் ஓட்டப் பழகினேன். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் ஆம்பூர் வரை நானே ஓட்டிக்கொண்டு போவேன். ஆபீசில் அதை ஒரு அதிசயமாகப் பார்த்தார்கள். பின்னால் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியதற்கு என் திறமை பாதிக் காரணம் என்றால், இந்த லைசென்ஸ் மீதிக் காரணம்.

சேர்ந்த புதிதில் தோல் பிரிக்கும் மேஜையில் நின்றேன். அங்கே நான் கற்றது ஒன்றுதான். பார்க்க நன்றாக இருக்கும் தோலைத்தான் முதலில் மடித்துப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் உள்ளே வரும்படி மடித்தால் சுருக்கம் விழும். நல்ல தோலில் மெல்லிய கோடுகளாக விழும், மட்டமான தோலில் தொளதொளவென்று புடைத்துக்கொள்ளும். பளபளப்பு ஜாஸ்தியாக இருந்தால் அடியில் உண்ணி கடித்த தழும்பை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சில வருஷங்களில் மனிதர்களையும் அப்படியே மடித்துப் பார்க்கத் தொடங்கினேன். மாமியார் வீட்டில் இது நல்ல பெயரைத் தரவில்லை. கம்பெனியில் பதவி உயர்வைத் தந்தது.

என் மேலதிகாரி ரஃபீக் சார், ஏற்றுமதிப் பிரிவின் ஜெனரல் மேனேஜர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து மேஜை மேல் வைத்து நான்காக மடிப்பார். எதிரில் இருப்பவர் அதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கம்மி, அதனால் வண்டி ஓட்ட மாட்டார். ஐரோப்பாவுக்குப் போனால் ஓட்டுவது நான், பின் சீட்டில் அவர்.

முதல் பயணம் இத்தாலிக்கு, தோல் பதனிடும் ஊர் ஒன்றில் ஒரு மெஷினைப் பார்க்க. கையில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இருந்தது. நம் லைசென்ஸைக் காட்டினால் அதைக் கொடுத்துவிடுவார்கள், தனியாகத் தேர்வு இல்லை. அந்த நாட்டு போர்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் அங்கே ஓட்டலாம் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். ரஃபீக் சாருக்கும்தான்.

அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்தார். வண்டியை எடுப்பதற்கு முன் அந்த ஊரில் நடக்க வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன்னால் போவார். ஒவ்வொரு போர்டுக்குக் கீழும் நின்று, "இது இன்னா சொல்லுது?" என்பார். தெரியாது என்று நான் சொன்னால் அவருக்குத் திருப்தி. தெரியும் என்றால், "எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பார். தெரியாதவற்றை ஓட்டல் வரவேற்பறையில் கேட்போம். பிறகு அதையே தெருவில் காபிக் கடைக்காரரிடமும் கேட்போம். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் கார் சாவி என் கைக்கு வரும்.

"புரியாத போர்டைப் பார்த்தா நில்லுமா. புரிஞ்ச மாதிரி இருக்கிற போர்டைப் பார்த்தா இன்னும் ஜாக்கிரதையா நில்லு" என்பார்.

முதல் நாளே அது நிரூபணமாயிற்று. ஒரு சந்தின் வாயில் வெள்ளை வட்டம் ஒன்று, சுற்றிலும் சிவப்பு விளிம்பு, உள்ளே படமும் இல்லை, எழுத்தும் இல்லை.

"பெயிண்ட் அடிக்க மறந்துட்டானா?" என்றார் சார்.

"உள்ள ஒண்ணும் இல்லன்னா எதுக்கும் தடை இல்லன்னு இருக்குமோ சார்?" என்றேன்.

காபிக் கடைக்காரர் சிரித்துவிட்டார். சைக்கிள் கூடாதென்றால் சைக்கிள் படம் போடுவார்கள், லாரி கூடாதென்றால் லாரிப் படம். எந்த வண்டியுமே கூடாதென்றால் எதை வரைவது, அதனால் காலியாக விட்டிருக்கிறார்கள் என்றார். நான் கேட்காமல் அதற்குள் ஓட்டியிருப்பேன் என்பது ரஃபீக் சாருக்குத் தெரியும். கைக்குட்டையை எடுத்தார்.

ஜெர்மனியில் வேறொன்று. பெரிய சாலைகளில் வெள்ளைக் கரை போட்ட மஞ்சள் நிறச் சாய்சதுரம் அடிக்கடி வரும். அந்தச் சாலையில் போகிறவருக்குத்தான் முன்னுரிமை, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவர் நின்று வழிவிடுவார் என்று ஓட்டலில் சொன்னார்கள், பெட்ரோல் பங்க்கிலும் சொன்னார்கள். அதை நான் முழுசாக நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ரோடு வேலை முடிந்து வருஷமான பிறகும் 'வேலை நடைபெறுகிறது' என்று போர்டு நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவள், பக்கத்துத் தெருக்காரன் நிற்பான் என்று ஒரு மஞ்சள் கட்டம் சொன்னால் எப்படி நம்புவேன்? ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் வருகிறவர்கள் விளக்கைப் போட்டுக் காட்டுவார்கள். காட்டட்டும் என்று விட்டுவிடுவேன்.

போர்டை இவ்வளவு சந்தேகிக்கும் ரஃபீக் சார், பையரை மட்டும் சந்தேகிக்கவே மாட்டார். எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரரைப் பையர் என்போம். "அவன் எழுதிக் கொடுத்தான்னா யோசிச்சுதான் எழுதியிருப்பான்" என்பது அவர் கட்சி. யோசித்து எழுதுகிறவன்தான் நன்றாகப் பொய் எழுதுவான் என்பது என் கட்சி.

இனி தினகரன். கணியம்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம், முப்பதைத் தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகள். என் பிரிவில் நல்ல கை. ஜெர்மனியில் எங்கள் பையரின் குடோன் ஒரு சின்ன ஊரில் இருந்தது. எங்கள் சரக்கு வந்து இறங்கும்போது அங்கேயே இருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அவனை மூன்று மாதத்துக்கு அனுப்பினோம். பக்கத்துக் கிராமத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் வாடகைக் காரில் குடோனுக்குப் போய்வந்தான். குடோனின் பொறுப்பாளர் வெர்னர் என்பவர்.

அந்தச் சமயத்தில் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பழுப்பு நிற ஷூவில் சாயம் போகிறது, அந்தத் தடவை வந்த சரக்கை, முழு லாட்டையும், திருப்பி அனுப்புகிறோம் என்றார் வெர்னர். எல்லாப் பெட்டியிலும் போகவில்லை, ஈரமான மூலையில் அடுக்கியவற்றில்தான் போகிறது, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றான் தினகரன். லாட் திரும்பி வந்தால் அடுத்த சீசன் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் பாதிப் பேர் வீட்டில் உட்கார வேண்டியதுதான். தினகரனின் ஒரு வாய்வார்த்தையில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விபத்து. ஒரு சனிக்கிழமை பகலில், கிராமத்துக்குள் வீடுகள் இருக்கும் தெருவில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். ஒரு முனையில் வலது பக்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். வேகமெல்லாம் இல்லை. ஆனாலும் காரின் முனை இடித்து அவள் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஹில்டா என்று பெயர், பள்ளி ஆசிரியை. தினகரனே ஆம்புலன்சுக்குப் போன் செய்து, அது வரும்வரை ரோட்டில் அவள் தலைக்குக் கீழே தன் கோட்டை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

போலீஸ் வந்தது. அவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அதனால் பேச்சை மாற்றிச் சொல்ல வெர்னரையே அழைத்தார்கள். நீ வழிவிட்டிருக்க வேண்டும் என்றார்கள். வழிவிடச் சொல்லி அந்த முனையில் போர்டு எதுவும் இல்லையே என்றான் இவன். போர்டு இருக்கிறது, நீ அதைத் தாண்டித்தானே வந்தாய் என்று வெர்னர் கேட்டார். இல்லை என்று இவன் மறுபடியும் சொன்னான். தவறு இவனுடையது என்று போலீஸ் எழுதி, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விட்டது. ஆனால் வெர்னர் ரஃபீக் சாருக்கு எழுதினார். கண்ணெதிரே இருக்கும் போர்டை இல்லை என்று போலீசிடமே பொய் சொல்கிறவன், என் ஷூவைப் பற்றிச் சொல்வதை நான் எப்படி நம்புவது, இவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று.

தினகரன் ஒரு போட்டோ அனுப்பினான். தெரு முனை, வேலி, நடைபாதை. போர்டு இல்லை. வெர்னரும் ஒரு போட்டோ அனுப்பினார். அதே தெரு, ஓரத்தில் பளபளக்கும் கம்பத்தில் ஒரு போர்டு, பக்கவாட்டில் எடுத்ததால் அதில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியவில்லை.

நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தெருப் பெயர். வெர்னருடைய போட்டோவில் அந்தக் கம்பம் ரொம்பப் புதுசாக இருந்தது. விபத்துக்குப் பிறகு யாரோ நட்டிருக்கிறார்களோ என்று தோன்றியது. தினகரன் பொய்யன் என்று ஆகிவிட்டால் லாட்டைத் திருப்பி அனுப்ப வெர்னருக்குத் தடையே இருக்காது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தினகரன் போனில் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தை ஒரே மாதிரி சொன்னான். "போர்டு இல்ல மேடம். சத்தியமா இல்ல." எங்கள் லைனில் தவறு செய்த ஆள்தான் அப்படிச் சொல்லை மாற்றாமல் பேசும்.

சாம்பிள் ரூமில் அவனுடைய தோஸ்துகள் இரண்டு பேர், "தினா பொய் சொல்ல மாட்டான் மேடம்" என்றார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றார்கள். அதற்கு மேல் அவர்களிடம் ஒன்றுமில்லை.

ரஃபீக் சார் முடிவே செய்துவிட்டிருந்தார். "வெர்னர் பொய் சொல்ற ஆள் இல்லமா. பையன் பேஜார்ல ஏதோ உளறிட்டான். கூப்ட்டுக்குவோம். இங்க வந்ததும் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்."

"நான் பார்க்காம வேணாம் சார்" என்றேன்.

"இன்னா பார்க்கப் போற?"

"யார் சொல்றது பொய்னு."

அவர் கைக்குட்டையை எடுத்தார். மடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, லாட்டையும் நேரில் பார்த்தாக வேண்டும், இரண்டு பேரும் போவோம் என்றார்.

தினகரன் அறையில் எங்களுக்குச் சாம்பார் சாதம் செய்து வைத்திருந்தான். இளைத்திருந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேள்வியைத் தொடங்கினேன். எங்கிருந்து திரும்பினாய், எதை முதலில் பார்த்தாய், அவள் எந்தப் பக்கம் வந்தாள் என்று முன்னாலிருந்து கேட்டேன். பிறகு பின்னாலிருந்து கேட்டேன். பிறகு நடுவிலிருந்து கேட்டேன். பதில் மாறவில்லை.

"ஸ்பீடு எவ்ளோ?"

"முப்பதுக்குக் கீழ மேடம். அந்தத் தெருவுல முப்பதுதான் போட்டிருக்கும். அதைத் தாண்டவே இல்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"தினம் போறேன். ஒரு நாள் ஆப்பிள், ஒரு நாள் பூ வாங்கிட்டுப் போனேன். நர்ஸ் உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, பார்க்க விருப்பம் இல்லன்னு சொல்லிடுவாங்க. நான் பொய் சொன்னேன்னு அந்தம்மாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க." தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னான். "மேடம், என்னைத் தோல் மாதிரி மடிக்கிறீங்க."

மடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை அவனைக் கூட்டிக்கொள்ளாமல், வெர்னருக்கும் சொல்லாமல், ரஃபீக் சாரும் நானும் மட்டும் அந்தத் தெருவுக்குப் போனோம். வண்டியைப் பெரிய சாலையில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல நடந்தோம். பெரிய சாலையில் அந்த மஞ்சள் சாய்சதுரம் இருந்தது. அதிலிருந்து திரும்பி நுழைந்த உடனே வெர்னர் அனுப்பிய கம்பம். சதுரமான வெள்ளை போர்டு, நடுவில் சிவப்பு வட்டத்துக்குள் முப்பது, கீழே ஒரு சொல்.

நான் முதலில் குனிந்து கம்பத்தின் அடியைப் பார்த்தேன். புதுசாக நட்டிருந்தால் சிமென்ட் வெளுப்பாக இருக்கும், மண் கிளறியிருக்கும். அங்கே பாசி படிந்து, கம்பத்தை ஒட்டிப் புல் முளைத்திருந்தது. அது பல வருஷமாக அங்கே நிற்கிறது. கம்பம் பளபளத்தது துத்தநாகப் பூச்சினால்தான்.

"பார்த்தியா. போர்டு இருக்கு" என்றார் சார்.

"இது முனை இல்லையே சார். நடக்கலாம் வாங்க."

இரண்டு பக்கமும் வீடுகள், கத்தரித்த செடிவேலி. கொஞ்ச தூரம் போன பிறகுதான் தினகரனின் போட்டோவில் இருந்த முனை வந்தது. வலப்புறம் ஒரு சின்னத் தெரு. நான்கு மூலையிலும் பார்த்தேன். போர்டு இல்லை. பிடுங்கிய குழியும் இல்லை, அறுத்த கம்பத்தின் அடியும் இல்லை. நடைபாதைக் கற்கள் ஒன்றுகூட மாற்றிப் பதித்ததாகத் தெரியவில்லை. வேலியைச் சமீபத்தில் கத்தரித்திருந்தார்கள். அதையும் சந்தேகித்தேன். ஆனால் தெரு முழுக்கவே அப்படித்தான் கத்தரித்திருந்தார்கள்.

ஆக, இரண்டு போட்டோவும் நிஜம். இருவர் சொன்னதும் நிஜம். அப்படியானால் என்ன நடந்தது என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இரண்டும் உண்மையாக இருக்கும் ஒரு தகராறை நான் அதுவரை பார்த்ததில்லை. யாராவது ஒருவர் பொய் சொன்னால்தான் என் தொழில் நடக்கும்.

நான் வேலியோரம் குனிந்து குனிந்து தேடுவதைப் பார்த்து, முனை வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். என்ன தொலைந்தது என்று சைகையில் கேட்டார். கொஞ்சம்தான் ஆங்கிலம். விபத்து, சைக்கிள் என்றேன். தலையை ஆட்டினார். இங்கே போர்டு இல்லையே, யார் நிற்க வேண்டும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் நான் கேட்டதைப் புரிந்துகொள்ளாததுபோலப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

பிறகு அவர் என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் நாங்கள் வந்த தெருவின் நடுவில் நிறுத்தினார். ஸ்டியரிங் பிடிப்பதுபோலக் கையை வைக்கச் சொன்னார். தான் வலப்பக்கத் தெருவுக்குள் போய் நின்றுகொண்டு, அதேபோலக் கையை வைத்து, வா என்றார். இரண்டு பேரும் முனையை நோக்கி நடந்தோம். "ஸ்டாப்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நின்றேன். அவர் எனக்கு முன்னால் தாண்டிப் போனார். அப்புறம் இடத்தை மாற்றினார். இப்போது அவருக்கு வலப்பக்கத்தில் நான். அவர் நின்றுகொண்டு, "நீ போ" என்று கையை நீட்டினார். போனேன்.

"வலது முதலில். அப்புறம் இடது. எப்போதும்" என்றார்.

நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரஃபீக் சார் கேட்டார். "அப்போ போர்டு?"

"போர்டு இல்லை. அதனால்தான்" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான் விஷயம். போர்டு இருந்தால் போர்டு சொல்கிறபடி. மஞ்சள் சாய்சதுரம் இருந்தால் அந்தச் சாலைக்காரர் முதலில். ஒன்றுமே இல்லாவிட்டால் வலப்பக்கம் வருகிறவர் முதலில், அவர் காரானாலும் சைக்கிளானாலும். அந்த முப்பது போட்ட போர்டின் கீழே இருந்த சொல்லுக்கு, இங்கிருந்து ஒரு வட்டாரம் தொடங்குகிறது என்று அர்த்தமாம். அந்த வட்டாரத்துக்குள் முனைக்கு முனை போர்டு இருக்காது, வலது முதலில் என்ற வழக்கம்தான் என்று பெரியவர் விளக்கினார். தினகரன் அந்த போர்டைப் பார்த்தான். அதிலிருந்த எண்ணுக்குக் கீழ்ப்படிந்தான். அதற்குள் இன்னொரு விதியும் அடங்கியிருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

காருக்குத் திரும்பி உட்கார்ந்து கதவை மூடிய பிறகு ரஃபீக் சார், "நாமளும் எத்தனை வாட்டி இந்த மாதிரித் தெருவுல வந்திருக்கோம்" என்றார்.

"எல்லா முனையிலும் நான் நின்னு நின்னுதான் வந்தேன் சார்."

"ரூல் தெரிஞ்சா நின்ன?"

"இல்ல சார். யாரையும் நம்பாம நின்னேன்."

குடோனில் வெர்னரையும் தினகரனையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தோம். ரஃபீக் சார்தான் பேசினார். வெர்னரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "போர்டு இருக்கிறது என்று நீங்கள் சொன்னது எதை?"

"முப்பது வட்டாரத்தின் போர்டை" என்றார் வெர்னர்.

தினகரனிடம் திரும்பினார். "நீ இல்லன்னு சொன்னது?"

"முனையில, சார். அந்தம்மா வந்த முனையில."

வெர்னரின் முகம் மெல்ல மாறுவதைப் பார்த்தேன். வேண்டுமென்றே குழி பறித்தவன் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதுவல்ல. சின்ன வயதில் சைக்கிள் ஓட்டும்போதே கற்றது, இதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை என்றார். நீங்கள் முப்பது போர்டையே மறுக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றார். பிறகு தினகரனைப் பார்த்து, "பொய் என்று எழுதியது தவறு. உங்கள் கம்பெனிக்கு இன்றைக்கே வேறு கடிதம் போகும்" என்றார். தினகரன் தலையை அசைத்தான். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சாயம் போகும் லாட்டை அன்றைக்கு நான்கு பேரும் சேர்ந்து பெட்டி பெட்டியாகத் திறந்தோம். ஈர மூலையில் இருந்தவற்றில் குறை அவர்களுடையது, சிலவற்றில் எங்கள் பூச்சு சரியாகக் காயாமலே பேக் ஆகியிருந்தது. லாட் முழுசாகத் திரும்பவில்லை. மாதனூர் பஸ் அடுத்த சீசனும் நிரம்பி வந்தது.

சாயங்காலம் வெர்னரே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் அவர் மட்டும் உள்ளே போய்ப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். ஹில்டா காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். தினகரன் கட்டிலின் கால்மாட்டில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

"உங்கள் ஊரில் போர்டு இல்லாத முனையில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். வாத்தியார் கேட்கும் குரல்தான்.

அவன் யோசித்தான். "ஹார்ன் அடிப்போம்" என்றான்.

"இரண்டு பேரும் அடித்தால்?"

"பெரிய வண்டி முதலில் போகும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கால் வலித்து முகத்தைச் சுளித்தாள். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். நாங்கள் வெளியே வந்து தாழ்வாரத்தில் காத்திருந்தோம். அவன் வெகுநேரம் உள்ளே இருந்தான்.

திரும்பும் வழியில் ரஃபீக் சார் பின் சீட்டில் தூங்கிவிட்டார். தினகரன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், நீங்க எனக்காக வந்தீங்களா, லாட்டுக்காக வந்தீங்களா?"

"யார் பொய் சொல்றாங்கன்னு பாக்க வந்தேன்."

"அந்த லிஸ்ட்ல நானும் ஒருத்தன்தானே."

"ஆமா."



மூன்று மாதத்தை முழுசாக முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினான். ஹில்டா ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று சொன்னான். வந்த சில வாரங்களில் ராஜினாமா கொடுத்தான். ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. ரஃபீக் சார் பதவி உயர்வு தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் என் அறைக்கு வந்து நின்றான்.

"உக்காரு" என்றேன். உட்காரவில்லை.

"இந்தக் கம்பெனியில என்னை நம்பினது ரெண்டு பேர் மேடம். சாம்பிள் ரூம்ல."

"தெரியும். அவங்க இன்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"நான் நம்பல தினகரன். ஆனா வந்தேன்."

"அது தெரியும் மேடம். ரெண்டையும் சேர்த்து யோசிச்சா தலை சுத்துது. நம்பினவங்க வரல, வந்தவங்க நம்பல. அதான் உங்ககிட்ட மட்டும் நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். வர்றேன் மேடம்."

அவன் போனதும் நான் எழுந்து, கேட் தெரியும் ஜன்னலுக்குப் போனேன். எங்கள் கம்பெனியில் வெளியே போகிறவர்கள் எல்லோருடைய பையையும் கேட்டில் திறந்து பார்ப்பது வழக்கம். தோல் துண்டு வெளியே போய்விடக் கூடாதே என்று. அன்றைக்குக் காவலர் அவனைப் பார்த்ததும், கடைசி நாளாயிற்றே, போ என்று கையைக் காட்டினார். தினகரன் போகவில்லை. பையை மேஜை மேல் வைத்து, ஒவ்வொரு ஜிப்பாக அவனே திறந்து, சாப்பாட்டு டப்பாவின் மூடியையும் கழற்றிக் காட்டினான். காவலர் பார்த்து முடித்த பிறகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தான்.